“அதெல்லாம் நமக்கு ஒத்துவராதுப்பா”: காப்பித் தோட்டத்து அப்பாக்களுக்கு ஒரு கணக்கு

திண்டுக்கல் மாவட்டத்து மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, மங்களங்கொம்பு, பெரும்பாறைப் பக்கம் காப்பித் தோட்டம் உள்ள வீடுகளில் கார்த்திகை பிறந்தால் பழத்தோடு சேர்ந்து ஒரு சண்டையும் பழுக்க ஆரம்பிக்கும். கோயம்புத்தூரிலோ பெங்களூரிலோ நாலு வருஷம் இருந்துவிட்டு வந்த பிள்ளை, “வியாபாரிகிட்ட மொத்தமா போடாம நாமளே பதம் பண்ணி, வறுத்து, பாக்கெட் போட்டு வித்தா என்னப்பா?” என்று கேட்கும். “அதெல்லாம் நமக்கு ஒத்துவராதுப்பா” என்று பதில் வரும். அதற்கப்புறம் பேச்சு காப்பியைப் பற்றி இருக்காது. “உங்களுக்கு ஒண்ணும் தெரியாது”, “நீ பொறக்கறதுக்கு முன்னாடியே நான்...” என்று வளர்ந்து, யாராவது ஒருவர் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போவதில் முடியும்.

இந்த இடத்தில்தான் பலரும் “பாசிட்டிவா யோசிங்க, காலம் மாறிப்போச்சு” என்று அறிவுரை சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அறுபது வயதுத் தோட்டக்காரரிடம் அது எடுபடாது. அவருடைய பயத்துக்குக் காரணம் இருக்கிறது. காரணமுள்ள பயத்தை மறந்துவிடச் சொன்னால் அது உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். அதைக் கணக்காக மாற்றலாம்: எத்தனை கிலோ, எத்தனை ரூபாய், எந்த மாதம் என்று. அப்படி மாற்றிய பிறகு அது ஒரு செலவு. செலவை ஏற்கலாம், குறைக்கலாம், கட்டுப்படியாகாது என்றும் சொல்லலாம். நல்லவிதமாக யோசிப்பது என்று நான் எடுத்துக்கொள்வது இதைத்தான்.

முதலில் அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்று அறுபதைத் தொட்டவர் தோட்டத்துக்குள் இறங்கியது 1980களில். அப்போது காப்பியை விற்பது விவசாயியின் வேலையே கிடையாது. 1942ஆம் வருஷத்துக் காப்பிச் சட்டப்படி, வீட்டுக்கும் விதைக்கும் போக மீதி முழுவதையும் காப்பி போர்டின் பூலில், அதாவது எல்லோர் சரக்கையும் சேர்க்கும் பொதுத் தொகுப்பில், ஒப்படைக்க வேண்டும். தரத்துக்கு ஏற்பப் புள்ளி போட்டு, போர்டு ஏலத்தில் விற்று, பணத்தைத் தவணை தவணையாகத் தரும். வாங்குகிறவன் யார், அவனுக்கு என்ன ருசி பிடிக்கும் என்ற கேள்விக்கே இடமில்லை. 1992க்கு மேல் இது கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து, 1996ல்தான் முழுச் சுதந்திரம் வந்தது. விற்கும் பழக்கமே இல்லாத கையில் திடீரென்று சந்தை வந்து விழுந்தது. அந்தச் சந்தையும் சும்மா இருக்கவில்லை. உலக நாடுகளுக்கிடையே இருந்த ஏற்றுமதிக் கோட்டா ஏற்பாடு 1989லேயே முறிந்திருந்தது. வியட்நாம் விளைச்சலைக் கொட்டியது. 2001, 2002ல் விலை பல பத்தாண்டுகள் காணாத அடிமட்டத்துக்குப் போனது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வயதில் அந்த அடி விழுந்தது.

காப்பி மட்டுமா? இந்த மலையின் பெயர் சொல்லும் விருப்பாட்சி வாழையை முடிக்கொத்து நோய் தின்றதைப் பார்த்தவர்கள் அவர்கள். அசுவினி பரப்பும் அந்த வைரஸ் வந்த கட்டைக்கு மருந்து கிடையாது, தோண்டி அழிப்பது ஒன்றுதான் வழி. 2008ல் அந்த வாழைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது என்று பிள்ளை பெருமையாகச் சொல்லும்போது, அப்பா மனத்தில் ஓடுவது வெட்டிப் போட்ட கட்டைகள்தான்.

பிள்ளையின் அனுபவம் இதற்கு நேர் எதிர். 2000ஐ ஒட்டிப் பிறந்தவர்கள் விவரம் தெரிந்து பார்த்தது ஏறுகிற விலையைத்தான். 2021 ஜூலையில் பிரேசிலில் பனி விழுந்து செடி கருகியதிலிருந்து சந்தை சூடுபிடித்து, 2025 பிப்ரவரியில் நியூயார்க்கில் அராபிகா பவுண்டு 4 டாலரைத் தாண்டியது. நகரத்தில் ஒரு கப் காப்பிக்கு இருநூறு ரூபாய் கொடுத்துக் குடித்த பிள்ளைக்கு, வியாபாரி தரும் விலை கொள்ளையாகத் தெரிவதில் ஆச்சரியம் இல்லை. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அவரவர் வயதில் சந்தை என்ன காட்டியதோ அதைப் பேசுகிறார்கள். இது புரிந்தால் “மரியாதை இல்லாம எதிர்த்துப் பேசறான்” என்ற வருத்தத்தில் பாதி குறையும்.

கேட்பது எப்படி

பிள்ளை யோசனை சொன்ன அன்றைக்கே பதில் சொல்லாதீர்கள். “சரி, எழுதிக் குடு. ஞாயித்துக்கிழமை உக்காந்து பேசுவோம்” என்பது போதும். அன்றைக்கே சொல்லும் பதில் எப்போதும் ‘வேண்டாம்’ என்றுதான் வரும். சொன்ன பிறகு அதிலிருந்து இறங்கிவர வீம்பு விடாது. சாப்பாட்டு நேரத்தில் இந்தப் பேச்சை எடுக்கவே கூடாது. சொந்தக்காரர்கள் முன்னால் கூடவே கூடாது. நாலு பேர் பார்க்க மகனுக்கு இறங்கிப் போக அப்பாவால் முடியாது, மகனாலும் முடியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அப்பா செய்ய வேண்டியது, தன் பயங்களை ஒரு தாளில் எழுதி ஒவ்வொன்றுக்கும் எதிரே ரூபாய் போடுவது. “பேர் கெட்டுப்போகும்” என்பதற்கு ரூபாய் போட முடியாது. அதைத் தனியாக வையுங்கள். “பழம் பூஞ்சை பிடித்துவிடும்” என்பதற்குப் போட முடியும். “வியாபாரி கோவித்துக்கொண்டு அட்வான்ஸ் தரமாட்டார்” என்பது மூன்றிலும் பெரியது. முன்பணம் வாங்கியிருந்தால் அந்த மகசூல் ஏற்கெனவே பேசப்பட்ட சரக்கு. எவ்வளவு வாங்கியிருக்கிறோம் என்பதைப் பிள்ளையிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பல வீடுகளில் ‘ஒத்துவராது’ என்பதன் உண்மையான பொருள் ‘கடன் இருக்கிறது’ என்பதுதான். அதைச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு பிள்ளைக்கு அனுபவம் போதாது என்கிறோம்.

பேசும்போது ஒரு சின்ன ஒழுங்கு உதவும். “ஏன்?” என்று பிள்ளை கேட்பதைக் குறுக்குவிசாரணையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். படிப்பிலும் வேலையிலும் காரணம் கேட்டே பழகிய தலைமுறை அது. ‘ஏன் நவம்பரில் வேண்டாம்?’ என்றால் காரணத்தைச் சொல்லுங்கள், வயதைச் சொல்லாதீர்கள்.

நிலத்தைக் கொடுக்காமல் பழத்தைக் கொடுங்கள்

முயற்சி என்றதும் ‘அரை ஏக்கரைப் பிரித்துக் கொடு’ என்பது வழக்கம். நான் அதற்கு எதிரி. நிலத்தைப் பிரித்தால் அண்ணன் தம்பி, மாப்பிள்ளை, மச்சான் என்று எல்லோருக்கும் வாய் முளைக்கும். பிறகு திரும்ப வாங்குவதும் சண்டை. முதல் வருஷம் 200 கிலோ பழுத்த பழம் கொடுங்கள். அது போதும்.

கணக்கு இப்படி. அராபிகாவில் 100 கிலோ பழத்துக்குச் சுமார் 20 கிலோ காய்ந்த பார்ச்மென்ட் (ஓடு நீக்காத கொட்டை), அதை உடைத்தால் 16 கிலோ பச்சைக் கொட்டை கிடைக்கும். வறுக்கும்போது எடையில் 15 முதல் 18 சதவீதம் குறையும். ஆக 200 கிலோ பழம், 40 கிலோ பார்ச்மென்ட், 32 கிலோ கொட்டை, கடைசியில் 26, 27 கிலோ வறுத்த காப்பி. உடைசலும் கறுப்பும் பொறுக்கித் தள்ளினால் 25. கால் கிலோ பாக்கெட்டாக 100. பிள்ளைகள் செய்கிற முதல் தவறு பாக்கெட் விலையை 200 கிலோவால் பெருக்கிப் பார்ப்பது. அப்பாக்கள் செய்கிற தவறு அந்தத் தவறைப் பார்த்துச் சிரிப்பது. கூடவே உட்கார்ந்து எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும் என்று போட்டுக் காட்டினால் அடுத்த கேள்வியைப் பிள்ளையே கேட்கும்: “நூறு பாக்கெட்டை யார்கிட்ட விக்கறது?”

முழுவதும் கெட்டே போனாலும் வீட்டுக்கு நஷ்டம் எவ்வளவு? அன்றைக்கு வியாபாரி சொல்லும் பழ விலையை 200ஆல் பெருக்குங்கள். வலை, மூங்கில், கூலி, உடைகூலி, வறுகூலி, பாக்கெட் செலவைக் கூட்டுங்கள். அந்தத் தொகையைத் தாளில் எழுதி, “இதுக்கு மேல இந்த வருஷம் ஒரு பைசா கிடையாது” என்று இரண்டு பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும். தொகை வீட்டுக்குத் தாங்காதென்றால் 100 கிலோவாகக் குறையுங்கள். அதற்குக் கீழே போனால் பழத்தோல் உரிக்கும் பல்பரில் ஒட்டுவதே பெரும்பங்காகிவிடும், ஒன்றும் கற்றுக்கொள்ள முடியாது.

எந்தப் பறிப்பைக் கொடுப்பது என்பதில்தான் அப்பாவின் நாற்பது வருஷம் உள்ளே வருகிறது. வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை விடாது. நவம்பர்ப் பழத்தில் பிள்ளை தேன்பதம் (தோலை மட்டும் உரித்து, கழுவாமல் காயவைப்பது) செய்ய ஆசைப்பட்டால் பசையோடு காய வேண்டிய கொட்டை மூடுபனியில் நாலே நாளில் பூஞ்சை கட்டும். பொங்கலுக்குப் பிறகு வரும் பறிப்பில் வெயில் நிற்கும். அதைக் கொடுங்கள். முதல் வருஷம் கழுவிப் பதம் பண்ணுவதே நல்லது. தேன்பதமும் பழத்தோடு காயவைப்பதும் இரண்டாம் வருஷத்துக்கு.

பறிப்பில் கவனிக்க வேண்டியது கூலி முறை. கிலோக் கூலிக்கு விட்டால் காயும் அரைப்பழமும் சேர்ந்து வரும். ஆள் மேல் குற்றமில்லை, கணக்கு அப்படி. இந்த 200 கிலோவுக்கு மட்டும் நாள் கூலி கொடுத்து, செக்கச் சிவந்ததை மட்டும் பறிக்கச் சொல்ல வேண்டும். பறித்ததைத் தண்ணீரில் கொட்டினால் காய்த் துளைப்பான் வண்டு விழுந்ததும் பொக்கும் மிதக்கும். அதை எடுத்துவிட்டு அன்றைக்கே உரிக்க வேண்டும். மறுநாளுக்கு வைத்தால் சாக்கிலேயே புளிக்கத் தொடங்கும். பல்பர் இடைவெளி இறுக்கமாக இருந்தால் கொட்டை வெட்டுப்படும், தளர்ந்தால் பழம் உரியாமல் வெளியே வரும். முதலில் இரண்டு கிலோ ஓட்டிப் பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள்.

உரித்ததைத் தொட்டியில் 24 முதல் 36 மணி நேரம் புளிக்க வைக்க வேண்டும். ராத்திரிக் குளிர் கூடினால் நேரமும் கூடும். இங்கே பிள்ளை போனில் அலாரம் வைக்கும், அப்பா கையை விடுவார், கைதான் சரி. ஒரு பிடி எடுத்துத் தேய்த்தால் வழுவழுப்புப் போய்ச் சரளைக்கல் போலச் சரசரக்க வேண்டும். கம்பைக் குத்தி எடுத்தால் குழி மூடாமல் நிற்க வேண்டும். அதைத் தாண்டி விட்டால் காடி வாசம் ஏறும், பிறகு எந்த வறுப்பும் அதைப் போக்காது. மூன்று தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். கழுவின தண்ணீரை ஓடையில் விடுவது பழைய பழக்கம். இதில் பிள்ளை சொல்வதைக் கேளுங்கள். குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டுத் தேக்குங்கள். கீழே அதே தண்ணீரைக் குடிக்கிற ஊர் இருக்கிறது.

காயவைக்க இடுப்பு உயரத்தில் மூங்கில் கட்டி வலை விரித்தால் போதும். அகலம் 3 அடிக்கு மேல் போனால் நடுவில் கை எட்டாது. ஒரு அங்குலக் கனத்தில் பரப்பினால் 200 கிலோப் பழத்துக் கொட்டைக்குச் சுமார் 22 அடி நீளம் ஆகும். 12 அடியில் இரண்டு கட்டில் போட்டுக்கொள்ளலாம். மணிக்கு ஒரு தடவை கிளற வேண்டும். முதல் நாள் உச்சி வெயிலில் விட்டால் தோல் வெடிக்கும், நிழல்வலை கட்டுங்கள். சாயங்காலம் மஞ்சு இறங்குவதற்கு முன் மூடிவிட வேண்டும். ஆனால் தார்ப்பாயைக் கொட்டை மேலேயே போர்த்தினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். குடிசைக் கூரை போல நடுவில் கயிறு கட்டி, காற்றுப் போக இடம் விட்டுப் போட வேண்டும். எட்டு, பத்து நாளில் ஈரம் 10, 11 சதவீதத்துக்கு வரும். மீட்டர் இல்லையென்றால் ஒரே மாதிரிப் பையை இரண்டு நாள் தொடர்ந்து நிறுத்துப் பாருங்கள். எடை இறங்காமல் நின்றால் காய்ந்தது என்று அர்த்தம். சணல் சாக்கில் கட்டி, பலகை மேல், சுவரை விட்டுத் தள்ளி அடுக்க வேண்டும். உர மூட்டை, மண்ணெண்ணெய், மிளகு பக்கத்தில் வைத்தால் அத்தனை வாசமும் காப்பிக்குள் போய்விடும்.

வறுக்கும் மெஷின் முதல் வருஷம் வாங்கவே கூடாது. கூலிக்கு வறுத்துக் கொடுக்கும் இடத்தில், ஒரு ஈடுக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போங்கள். காப்பியைப் பார்ச்மென்டாக வைத்திருந்தால் மாதக்கணக்கில் கெடாது. வறுத்தால் சில வாரத்தில் மணம் இறங்கும். அதனால் ஆர்டர் வந்த அளவுக்குத்தான் உடைத்து வறுக்க வேண்டும். இருபத்தைந்து கிலோவையும் ஒரே நாளில் வறுத்துவிட்டு ஆள் தேடுவது இந்தத் தொழிலில் இறங்கும் பிள்ளைகள் அடிக்கடி விழும் குழி. பாக்கெட் விற்க உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். எடை, தேதி, விலை அச்சிட வேண்டும். வெளி மாநிலத்துக்கு அனுப்புவதென்றால் விற்றுமுதல் சின்னதாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு தேவை. பெங்களூர் நண்பர்களை நம்பி ஆரம்பிப்பவர்கள் இதைத்தான் மறப்பார்கள்.

நோட்டு

ஒரே ஒரு நோட்டு, பிள்ளையின் கையெழுத்தில். அதில் பிள்ளையின் சொந்த உழைப்புக்கும் நாள் கூலி எழுதியாக வேண்டும். எழுதாவிட்டால் இரண்டு பக்கமும் ஏமாற்று நடக்கும்: லாபம் இல்லாததை லாபம் என்று பிள்ளை நம்பும், இரண்டு மாதம் வேலை செய்ததை “சும்மா சுத்திட்டு இருந்தான்” என்று வீடு சொல்லும். அம்மா கிளறியதற்கும் கூலி எழுதுங்கள். இந்த வரியைப் பார்த்ததும் பல வீடுகளில் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பையும் இளையவர்கள்தான் நிறுத்தப்போகிறார்கள்.

முடிவெடுப்பது யார் என்பதையும் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். பறிக்கும் நாளும் மழை பார்ப்பதும் அப்பா. புளிப்பு, காய்ச்சல், வறுப்பு, விலை எல்லாம் பிள்ளை. அப்பா கட்டிலைச் சுற்றி வந்து பார்க்கலாம், கேட்டால் சொல்லலாம். கேட்காமல் ராத்திரி போய்த் தார்ப்பாயை மாற்றிப் போடக் கூடாது. ரொம்பச் சிரமமான விதி இது என்று தெரியும். கெட்டது பிள்ளையாலா அப்பாவாலா என்ற வழக்கு வராமல் இருக்க வேறு வழி இல்லை.

இரண்டு பருவம் பாருங்கள். ஒரு பருவம் எதையும் நிரூபிக்காது. மழை நன்றாக இருந்திருக்கலாம், சந்தை மோசமாக இருந்திருக்கலாம். நோட்டில் கூலி போகக் கையில் நின்றது வியாபாரி விலையை விடக் கூடுதலா என்பது ஒன்றே கேள்வி. கூடுதல் என்றால் 500 கிலோவுக்குப் போகலாம். இல்லையென்றால் எதில் போச்சு என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் விற்பனையில்தான் போயிருக்கும், பதத்தில் இல்லை.

கட்டட யோசனை, நிழல் மரம்

அடுத்து அதிகமாக வருவது “டூரிஸ்ட்டுங்களுக்கு நாலு ரூம் கட்டி வாடகைக்கு விடலாம்” என்கிற யோசனை. இதற்கு உடனே தலையாட்டவும் வேண்டாம், காறித் துப்பவும் வேண்டாம். மலைப்பகுதியில் கட்டட அனுமதி என்ன சொல்கிறது, பட்டா யார் பேரில் இருக்கிறது, கோடையில் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று மூன்றுக்கும் தாளோடு வரச் சொல்லுங்கள். அனுமதியில்லாத கட்டடங்களைக் கோர்ட் உத்தரவின்பேரில் சீல் வைத்ததைக் கொடைக்கானல் பார்த்திருக்கிறது. 2024 மே 7 முதல் அங்கே வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். தாள்களைத் தேடி அலைந்தாலே பாதிப் பேருக்கு யோசனை தானாகத் தெளியும். மீதிப் பேர் தாளோடு வந்தால் அவர்களை நம்பலாம்.

நிழலைக் குறைத்தால் மகசூல் ஏறும் என்று வீடியோ பார்த்துவிட்டுச் சொல்வதை மட்டும் மறுத்துவிடுங்கள். அராபிகாவில் நிழல் திறந்த இடத்தில்தான் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வண்டு அதிகம் முட்டையிடும். வேண்டுமென்றால் தாண்டிக்குடியிலேயே காப்பி போர்டின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, இரண்டு பேரும் சேர்ந்து போய்க் கேளுங்கள். மூன்றாவது ஆள் சொன்னால் தோற்றது யார் என்ற பேச்சு எழாது.

வெளியூரிலேயே இருக்கும் பிள்ளை

தோட்டமே வேண்டாம், வேலைதான் என்று சொல்லும் பிள்ளையிடம் சண்டைக்கே வேலை இல்லை. பொங்கலுக்கு வா, திருவிழாவுக்கு வா என்று கேட்பதை விட, மார்ச்சில் நாலு நாள், செப்டம்பரில் நாலு நாள் கேளுங்கள். தண்டுத் துளைப்பான் பறக்கும் காலம் ஏப்ரல்-மேயும் அக்டோபர்-டிசம்பரும். அதற்கு முன்னால் செடி செடியாகப் பார்த்து, இலை மஞ்சளித்து, தண்டில் வரப்பு வரப்பாக மேடு தட்டியதைப் பிடுங்கி எரித்துவிட வேண்டும். வண்டு முட்டையிடாமலிருக்கத் தண்டில் தெளிக்கும் 10 சதவீதச் சுண்ணாம்புக் கரைசலையும் அந்த நாட்களிலேயே முடித்துவிடலாம்: 200 லிட்டர் தண்ணீருக்கு 20 கிலோ சுண்ணாம்பு. கண் கூர்மையும் குனியும் இடுப்பும் வேண்டிய வேலை இது, அறுபது வயதுக்குக் கடினம். “நீ வரவே மாட்டேங்கற” என்ற பொதுவான குறையை விட, “செப்டம்பர் மூணாவது வாரம் நாலு நாள்” என்ற கோரிக்கைக்கு லீவு கிடைப்பது எளிது. மிச்ச நாளில் வங்கி, ஆன்லைன் பட்டா, ஆதார் வேலைகள் அவர்கள் பொறுப்பு.

மகள்தான் தோட்டத்தை எடுத்துக்கொள்வேன் என்கிறாள் என்றால்? பூர்விகச் சொத்தில் பெண்ணுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு 1989லேயே திருத்தம் கொண்டுவந்தது. அன்றைக்குக் கல்யாணமாகாத பெண்களோடு அது நின்றது. 2005ன் மத்தியச் சட்டத் திருத்தம் அந்த வித்தியாசத்தையும் எடுத்துவிட்டது. 2005ல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை என்று 2020ல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. “கட்டிக்குடுத்த பொண்ணுக்கு எதுக்கு” என்பது இனி வெறும் வாய்ப்பேச்சு. இனி மகளிடம் கையெழுத்து வாங்காமல் செய்யும் பாகப்பிரிவினை பிறகு கோர்ட்டில் நிற்காது.

எழுதிக்கொடுக்கும் அவசரத்தில் இருக்கும் அப்பாக்களுக்கும் ஒரு வார்த்தை. உயிலை உயிரோடு இருக்கும்வரை மாற்றலாம். செட்டில்மென்ட் பத்திரம் பதிந்துவிட்டால் நினைத்தபோது ரத்து செய்ய முடியாது. 2007ன் மூத்த குடிமக்கள் சட்டம் 23ஆம் பிரிவின்படி, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்து அது நடக்காவிட்டால் கோட்டாட்சியரின் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பிள்ளை மேல் சந்தேகம் என்று அர்த்தமில்லை. நல்ல பிள்ளைகள் இதற்குக் கோவித்துக்கொள்வதும் இல்லை.

ஒத்திகை பார்க்கக் கூடாதது ஒன்று இருக்கிறது. சில தோட்டங்களில் இன்னும் வேலைக்கு வருகிறவர்களுக்குத் தனி டம்ளர், தனி இடம். பிள்ளைகள் பளியர் பழங்குடி வீட்டு ஆட்களையும் காலனி ஆட்களையும் அக்கா, அண்ணன் என்று கூப்பிட்டு அதே திண்ணையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், பெரியவர்களுக்கு உறுத்துகிறது. இதில் 200 கிலோ பார்ப்போம், இரண்டு பருவம் பார்ப்போம் என்பதெல்லாம் கிடையாது. அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்து எழுபத்தைந்து வருஷத்துக்கு மேலாகிறது. பிள்ளை சொல்வதற்கு முன்னால் அந்த டம்ளரைத் தூக்கிப் போட வேண்டியது பெரியவர்கள்.

கடைசியாகப் பிள்ளைகளுக்கு. உங்கள் காப்பியை லேசாக வறுத்து, பால் இல்லாமல், கண்ணாடிக் குடுவையில் வடித்து அப்பாவிடம் நீட்டாதீர்கள். “புளிக்குது” என்பார், அவர் நாக்குக்கு அது புளிப்புதான். அவர் குடித்து வளர்ந்தது கறுக்க வறுத்த கொட்டையும் சிக்கரியும் சேர்ந்த ஃபில்டர் காப்பி. நூறு பாக்கெட்டில் பத்தை அப்படியே செய்யுங்கள்: கொஞ்சம் கறுக்க வறுத்து, ஃபில்டருக்கு அரைத்து, 20 சதவீதம் சிக்கரி சேர்த்து. சட்டப்படி கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இரண்டின் அளவையும் பாக்கெட்டில் போட வேண்டும். அந்தப் பத்தையும் ஊருக்குள் விற்கச் சொல்லி அப்பா கையில் கொடுத்துவிடுங்கள். டீக்கடை, வங்கி, கோயில் கமிட்டி என்று அவருக்குத் தெரிந்த இடம் உங்கள் போனில் இல்லாத இடம். விற்ற பணத்தை அந்த வாரமே கேட்டு வாங்கி நோட்டில் ஏற்றுங்கள். அப்பாவாக இருந்தாலும் கடன் கிடையாது.